பூலாம்பட்டி முதல் லிங்காபுரம் வரை: படகு மோட்டாரை யார் சோதிக்கிறார்கள்?

பெருந்துறையிலிருந்து பவானி போய், மேட்டூர் ரோட்டில் அம்மாபேட்டையைத் தாண்டினால் நெருஞ்சிப்பேட்டை. எதிர்க்கரையில் சேலம் மாவட்டத்தின் பூலாம்பட்டி. நடுவில், கதவணையில் தேங்கி நிற்கும் காவிரி. இந்த இரண்டு ஊருக்கும் இடையே ஓடும் விசைப்படகில் பள்ளிப் பிள்ளைகள், விவசாயிகள், வியாபாரிகள் போகிறார்கள். டூவீலர்களும் ஏறுகின்றன. ரோட்டைச் சுற்றிப் போகும் நேரமும் பெட்ரோல் காசும் மிச்சம். மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறந்தால் மட்டும் படகு நிறுத்தப்படும். 2022 ஆகஸ்ட்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி வந்தபோது பவானி, ஈரோடு, கொடுமுடி எனக் கரையோரம் முழுக்கத் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கலாம்.

கோவை மாவட்டம் சிறுமுகை பக்கம் நிலைமை நேர் எதிர். பவானிசாகர் அணையின் முழுக் கொள்ளளவு 105 அடி. நீர்மட்டம் 100 அடியை நெருங்கும்போது லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் இடையே காந்தையாற்றின் மேலிருக்கும் பழைய பாலம் தண்ணீருக்குள் போய்விடும். ஆண்டுக்காண்டு இதே கதை. அதனாலேயே உயரமான புதுப் பாலம் கட்டும் வேலை கையில் எடுக்கப்பட்டது. பாலம் மூழ்கும் நாட்களில் மலையடிவார ஊர்க்காரர்களுக்குப் பரிசலும் மோட்டார் படகும்தான் வழி. ஆக, மழை கொட்டினால் காவிரியில் படகு நிற்கிறது, காந்தையாற்றில் படகு கிளம்புகிறது.

கடலே இல்லாத கொங்கு மண்டலத்தில் படகு மோட்டாரைப் பற்றி எதற்குப் பேச்சு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கூடவே இன்னொன்று. வெள்ளம் வந்தால் தீயணைப்புத் துறை கொண்டுவரும் ரப்பர் படகின் பின்னால் தொங்குவதும் இதே மோட்டார்தான்.

படகு விபத்து நடந்தால் ஒரு வாரத்துக்கு இரண்டு விஷயம் பேசப்படும். லைஃப் ஜாக்கெட் இருந்ததா, அளவுக்கு மீறி ஆள் ஏற்றினார்களா. பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று 22 பேர் இறந்தபோதும் அதுதான் பேச்சு. கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 பேர் இறந்தபோதும், வதோதராவின் ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் இறந்தபோதும் அதேதான். இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் படகைத் தள்ளும் மோட்டார் எப்படிப் பொருத்தப்பட்டிருந்தது, அதன் கைப்பிடியைப் பிடித்திருந்தவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானாக நிற்குமா என்ற கேள்விகள் கேட்கப்படுவதே இல்லை.

அந்த மோட்டார்ல என்னங்க இருக்கு?

படகின் உள்ளே பதிக்கப்பட்ட டீசல் எஞ்சின் ஒரு வகை. படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டித் தொங்கவிடுவது இன்னொரு வகை. இதைத்தான் அவுட்போர்டு என்கிறார்கள். சிறு படகுகள், மீட்புப் படகுகள், கடலோர ஃபைபர் படகுகள் பலவற்றிலும் இதுதான். மேலே மூடிக்குள் எஞ்சின். நடுவில் நீண்ட தண்டு. அடியில், தண்ணீருக்குள், கியர் பெட்டியும் விசிறியும். ஓட்டுபவர் ஒரு கைப்பிடியைப் பிடித்து மொத்த மோட்டாரையும் இடம் வலமாகத் திருப்புகிறார். படகு திரும்புகிறது. சுக்கான் தனியாகக் கிடையாது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிணற்று மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று எந்தத் தோட்டத்திலும் தெரியும். இந்த எஞ்சின் ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. உள்ளே ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர் இருக்கிறது. கரையில் வைத்து "சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம்" என்று தண்ணீரில்லாமல் ஓட்டினால் அந்த ரப்பர் கொஞ்ச நேரத்திலேயே கருகத் தொடங்கும். பிறகு நடு ஆற்றில் எஞ்சின் சூடேறி நிற்கும். எஞ்சின் ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். தாரை வரவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். அநேகமாக உள்ளே பிளாஸ்டிக் கவரோ சேறோ அடைத்திருக்கும்.

பொருத்துவதில்தான் பாதி விஷயம்

மோட்டார் வாங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை ஹெச்.பி என்பதை. தண்டின் நீளத்தைக் கேட்பவர்கள் குறைவு. சிறு மோட்டார்கள் 15, 20, 25 அங்குலப் பின்பலகைகளுக்கு ஏற்றபடி வெவ்வேறு நீளத் தண்டுகளில் வருகின்றன. படகின் பின்பலகையை மேல் விளிம்பிலிருந்து அடிப்பாகம் வரை அளந்துவிட்டுத்தான் கடைக்கே போக வேண்டும்.

அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது. விசிறிக்குச் சற்று மேலே, தட்டையாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஒரு அங்குலத்துக்குள் கீழாகவோ இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் விசிறி மேற்பரப்பிலிருந்து காற்றை இழுக்கும். எஞ்சின் அலறும், படகு நகராது. ஃபுட் வால்வில் காற்று புகுந்த பம்ப்செட் மாதிரி. திரும்பும் நேரத்தில் இப்படி ஆனால் ஓட்டுபவரின் கட்டுப்பாடு போயிற்று. அதிகமாகக் கீழே இறங்கினாலோ இழுவை கூடும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், பாறையில் முதலில் மோதுவதும் விசிறியாகத்தான் இருக்கும்.

அடுத்தது பின்பலகையின் பலம். 10 ஹெச்.பி மோட்டார் ஒன்றின் எடை சுமார் 40 கிலோ. இது நின்றிருக்கும்போது உள்ள எடை மட்டும். ஓடும்போது படகைத் தள்ளும் விசை முழுவதும் அந்த ஒரு பலகை வழியாகத்தான் படகுக்குள் போகிறது. 3 ஹெச்.பி மோட்டாரே 52 கிலோ அளவுக்குத் தள்ளும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதி கணக்கு வைத்திருக்கிறது. 10 ஹெச்.பி என்றால் எவ்வளவு என்று யோசித்துக்கொள்ளலாம். ஃபைபர் படகுகளில் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே வைத்திருக்கும் பிளைவுட் நனைந்து உளுத்திருக்கக்கூடும். சுத்தியால் மெதுவாகத் தட்டினால் உறுதியான இடத்தில் 'டக்' என்று கேட்கும், உளுத்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். கையால் அழுத்தும்போது பலகை நெளிந்தால் அந்தப் படகில் மோட்டாரே மாட்டக்கூடாது.

சிறிய மோட்டார்களை இரண்டு திருகுகளை இறுக்கி மாட்டிவிடலாம். அதோடு விட்டுவிடுவதுதான் பரவலான தப்பு. எஞ்சின் அதிர்வில் திருகு தளரும். அரை மணி நேரம் ஓடியதும் ஒரு முறை, பிறகு தினமும் காலையில் ஒரு முறை கையால் திருகிப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பெரிய மோட்டார் என்றால் பலகையைத் துளைத்துப் போல்ட் போட வேண்டும். துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட், பின்னால் அகலமான வாஷர், துளையைச் சுற்றித் தண்ணீர் புகாதபடி சீலன்ட். இந்த சீலன்ட்டில் கஞ்சம் பிடிப்பதால்தான் பலகை உள்ளே உளுக்கிறது. இதெல்லாம் போக, மோட்டாரையும் படகையும் இணைத்து ஒரு சங்கிலியோ கம்பி வடமோ கட்டியாக வேண்டும். திருகு கழன்று மோட்டார் துள்ளி விழுந்தாலும் ஆற்றின் அடிக்குப் போகாது.

மோட்டார் பலகையில் எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதற்கும் ஒரு ஊசி உண்டு. படகை நோக்கி அதிகம் சாய்ந்திருந்தால் படகின் முன்முனை (கடலோர மீனவர்கள் அணியம் என்பார்கள்) தண்ணீரைக் குத்தும். வெளிப்பக்கம் அதிகம் சாய்ந்தால் அணியம் வானத்தைப் பார்க்கும், ஓட்டுபவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. ஆற்றில் குளிப்பவர்களும் பரிசல்களும் இருக்கும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை.

எத்தனை ஹெச்.பி என்ற கேள்விக்கு விடை படகு கட்டியவர் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். இத்தனை ஆள், இத்தனை கிலோ, இத்தனை ஹெச்.பி. தகடு இல்லாத படகு என்றால், கட்டியவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். "15 போட்டா சீக்கிரம் போகும்" என்ற ஆசையில் 8 ஹெச்.பி படகில் 15 மாட்டினால், எடை முழுவதும் பின்னால் போய் பின்பலகை நீர்மட்டத்துக்கு இறங்கும். திடீரென்று வேகத்தைக் குறைத்தால், படகு எழுப்பிய அலையே பின்னாலிருந்து ஏறி உள்ளே விழும். பரிசலில் மோட்டார் மாட்டிப் பார்க்கும் யோசனை சிலருக்கு வரும். வட்டமான, பின்பலகையே இல்லாத அந்தக் கூடை துடுப்புக்கும் கோலுக்கும் மட்டும் பிறந்தது.

மும்பையில் நடந்தது

புது மோட்டாரோ, பிரித்து மாட்டிய மோட்டாரோ, முதல் ஓட்டம் தனியாக நடக்க வேண்டும். காரணத்தைப் புரிந்துகொள்ள 2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் நடந்ததைப் பார்த்தால் போதும். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபென்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' படகில் கடற்படையின் வேகப்படகு ஒன்று மோதியது. வேகப்படகு எஞ்சின் சோதனை ஓட்டத்தில் இருந்தது; எஞ்சின் கோளாறால் கட்டுப்பாடு போனது என்று கடற்படை தெரிவித்தது. 15 பேர் இறந்தார்கள். சோதனைப் படகில் இருந்தவர்களும் அதில் உண்டு.

பயணிகள் படகில் அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆட்கள் இருந்தார்கள், பலரிடம் லைஃப் ஜாக்கெட் இல்லை என்பதெல்லாம் பெரிதாகப் பேசப்பட்டது. அடுத்த சில நாட்களில் அந்த வழித்தடத்தில் ஜாக்கெட் கட்டாயமானது. ஆனால் சுற்றுலாப் படகுகள் நிறைந்த பாதையில் எஞ்சின் சோதனை எதற்கு என்ற கேள்விதான் அந்த விபத்தின் மையம். நாட்டின் கடற்படைக்கே இது நேர்கிறது என்றால், ஆற்றங்கரையில் ஒரு மெக்கானிக் புது கார்புரேட்டர் போட்டுவிட்டு "ஒரு ரவுண்டு பார்ப்போம்" என்று ஆட்களோடு கிளம்புவதை என்ன சொல்ல?

முறை இதுதான். முதலில் படகைக் கரையில் இறுகக் கட்டி, மோட்டார் தண்ணீரில் இருக்க, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து நீர்த்தாரை வருகிறதா என்று பார்ப்பது. கியர் முன்னும் பின்னும் விழுகிறதா, ஆக்சிலரேட்டர் கைப்பிடியை விட்டால் தானாகக் குறைகிறதா அல்லது சிக்கி நிற்கிறதா என்று பார்ப்பது. கயிற்றைப் பிடுங்கினால் எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பது. பிறகு ஓட்டுபவரும் உதவிக்கு ஒருவரும் மட்டும், ஜாக்கெட்டோடு, ஆளில்லாத இடத்தில் மெதுவாக. புது எஞ்சின் என்றால் முதல் 10 மணி நேரம் முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டக்கூடாது என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன.

அந்தச் சிவப்புக் கயிறு

மேலே சொன்ன கயிறு எது? மோட்டாரோடு ஒரு சுருள் கயிறு தருவார்கள், பெரும்பாலும் சிவப்பு நிறத்தில். ஒரு முனை எஞ்சினின் ஸ்விட்ச்சில் மாட்டும். மறுமுனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ தொடையிலோ ஜாக்கெட்டிலோ மாட்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணையும். மோட்டாரிலேயே மலிவான பாகம் அதுதான். கையில் மாட்டாமல் எஞ்சினிலேயே சுற்றி வைத்துவிடுவது படகுத்துறைகளில் சகஜமான காட்சி.

மாட்டாவிட்டால் என்ன? ஓட்டுபவர் விழுந்ததும் கைப்பிடி விடுபடும். சுழலும் விசிறியின் பக்கவாட்டு விசை மோட்டாரை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். படகு நேராகப் போய் மறைந்துவிடாது. சின்ன வட்டமடித்து, விழுந்தவர் இருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். மறுபடி மறுபடி வரும். ஏறி நிறுத்துவது மிகக் கடினம்.

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், பேட்ஸ்டோ ஊருக்கு அருகே, 2013 மே 5 அன்று இதுதான் நடந்தது. வேகப்படகு ஒன்று சட்டென்று திரும்பியதில் ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் தண்ணீரில் தூக்கி வீசப்பட்டார்கள். ஆளில்லாத படகு அவர்களையே வட்டமிட்டது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள், மற்றவர்கள் காயமடைந்தார்கள். கயிறு ஓட்டுபவரின் உடலில் மாட்டப்படவில்லை என்று அந்நாட்டுக் கடல் விபத்து விசாரணைப் பிரிவு கண்டறிந்தது. மாட்டியிருந்தால் ஆறு பேரும் நனைந்ததோடு போயிருக்கும்.

அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல், 26 அடிக்குக் குறைவான, 3 ஹெச்.பி அல்லது அதற்கு மேற்பட்ட மோட்டார் உள்ள படகு வேகமெடுத்து ஓடும்போது இந்த ஸ்விட்ச்சைப் பயன்படுத்துவது சட்டப்படி கட்டாயம். கயிறு இல்லாமல், சட்டையில் செருகிக்கொள்ளும் மின்னணு வில்லைகளும் வந்துவிட்டன. நம் ஆறுகளுக்குப் பழைய கயிறே போதும். மாட்டினால் சரி. வெயிலில் அது உளுத்துப் போகும் என்பதால் ஒன்று உபரியாகப் படகிலேயே இருக்க வேண்டும். அந்த உபரிக் கயிறு இன்னொன்றுக்கும் உதவும். ஓட்டுபவர் கயிறோடு தண்ணீரில் விழுந்துவிட்டால், படகில் இருப்பவர்கள் உபரியை மாட்டித்தான் எஞ்சினைத் திரும்ப ஸ்டார்ட் செய்து அவரை எடுக்க முடியும்.

விழுந்தவரை எடுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை. கியரில் இருக்கும் எஞ்சின் மிகக் குறைந்த வேகத்தில் ஓடினாலும் விசிறி நிமிடத்துக்குச் சில நூறு முறை சுற்றும். ஆளை நெருங்கியதும் எஞ்சினை முழுக்க அணைத்துவிட்டுத் துடுப்பால் நெருங்குவதே சரி. நியூட்ரல் போதாது, பதற்றத்தில் யாருடைய கையாவது லீவரில் பட்டால் கியர் விழுந்துவிடும். பின்பக்கமாக ஏற்றுவது சுலபம் என்று தோன்றும், ஆனால் விசிறி இருப்பது அங்கேதான்.

பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

எத்தனை பேர் என்பதோடு எங்கே உட்கார்ந்தார்கள் என்பதும் சேர்த்தே படகைக் கவிழ்க்கிறது. 40 கிலோ மோட்டார், 24 லிட்டர் பெட்ரோல் டேங்க், ஓட்டுபவர் என்று சுமார் 130 கிலோ ஏற்கெனவே கடைசி முனையில் இருக்கிறது. பயணிகளும் பின்னால் குவிந்தால் பின்பலகை இறங்கும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்னிகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணமாகச் சொல்லப்பட்டது. டூவீலர் ஏற்றும் படகில் இது இன்னும் கடினம். 110 கிலோ பைக் ஸ்டாண்டில் நின்றபடி சாய்ந்தால் அத்தனை எடையும் ஒரே நொடியில் ஒரு பக்கம் போகும். வண்டியைப் படகின் நடுக்கோட்டில் நிறுத்திக் கயிற்றால் கட்டாமல் படகை நகர்த்தவே கூடாது.

பெட்ரோலில் வந்த புதுச் சிக்கல்

கடலோரத்தில் பல மோட்டார்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெய்க்கு மாறி ஓடுபவை. உள்நாட்டில் பெரும்பாலும் பெட்ரோல்தான். அதில் இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை நாடு 2025-ல் எட்டியது. கரும்பு விவசாயிக்கு இது நல்ல செய்தி. படகுக்காரருக்கு அவ்வளவு நல்ல செய்தியல்ல. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கார் டேங்க் மூடியிருக்கிறது, வாரத்துக்கொரு முறை காலியாகிறது. படகு டேங்க் ஆற்றங்கரை ஈரத்தில், மூடியின் காற்றுத்துளை திறந்தபடி, பல வாரம் கிடக்கும். உறிஞ்சிய தண்ணீர் ஒரு அளவைத் தாண்டியதும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கரையில் ஸ்டார்ட் ஆன மோட்டார் நடு ஆற்றில் இருமி நிற்கும். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் மெல்ல அரிக்கும்.

அவுட்போர்டு தயாரிப்பாளர்கள் பலரின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரைதான் ஏற்கின்றன. பங்க்கில் கிடைப்பதோ 20. இதற்கு இப்போதைக்கு முழுத் தீர்வு இல்லை. செய்யக்கூடியது சில உண்டு. அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்குவது, பெட்ரோலையும் தண்ணீரையும் பிரிக்கும் வடிகட்டியைக் குழாயில் மாட்டுவது, சில வாரம் ஓடாத டேங்க்கிலிருந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அடியில் வேறு நிறத்தில் ஏதாவது படிகிறதா என்று பார்ப்பது. பயணிகள் படகுகளுக்காவது இதைப்பற்றி அரசு ஒரு வழிகாட்டுதல் வெளியிடலாம்.

டூ ஸ்ட்ரோக் மோட்டார் என்றால் ஆயில் கலக்க வேண்டும். பல மாடல்களுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். ஆனாலும் கையேட்டைப் பார்த்தே கலக்க வேண்டும். டேங்க்கைப் படகில் வைத்து நிரப்பக்கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும், காற்றில் கலைந்து போகாது. டேங்க்கைக் கரையில் இறக்கி, தரையில் வைத்து நிரப்பி, சிந்தியதைத் துடைத்துவிட்டு ஏற்ற வேண்டும். பீடி, சிகரெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடலுக்குச் செய்தது ஆற்றுக்குச் சரிவருமா?

கையேடுகள் பெரும்பாலும் கடலையும் ஏரியையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. காவிரியிலும் பவானியிலும் பாறை அதிகம். சிறு மோட்டார்களில் விசிறியைத் தண்டோடு இணைப்பது ஒரு சின்னப் பித்தளை ஊசி. பாறையில் மோதினால் அந்த ஊசி முதலில் உடைந்து, கியர் பெட்டியைக் காப்பாற்றும். உடைவதற்காகவே வைத்த பாகம் அது. அடிக்கடி உடைகிறதே என்று எரிச்சலில் இரும்பு ஆணியை வெட்டிச் செருகினால், அடுத்த மோதலில் கியர் பெட்டியே போகும். நாலு ஊசியும் ஒரு பிளையரும் படகிலேயே இருந்தால் பத்து நிமிட வேலை.

ஈரோடு, பவானி பக்கம் கதவணைகளில் ஆகாயத்தாமரை மண்டுவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அது விசிறியில் சுற்றினால் எஞ்சின் திணறும். எஞ்சினை அணைத்து, கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே மோட்டாரை மேலே தூக்கிக் களைய வேண்டும். மோட்டார் ஓடும்போதே துடுப்பால் குத்திவிடுவது விரலோடு விளையாடுவது.

நடு ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டால்? கதவணை உள்ள இடத்தில் நீரோட்டம் மதகை நோக்கி இழுக்கும். நங்கூரம் முதலில், ரிப்பேர் பிறகு. நங்கூரத்தை அணியத்திலிருந்துதான் இறக்க வேண்டும். மோட்டார் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பக்கத்தில் கட்டினால், ஓட்டம் பின்பலகையை இழுத்து அமுக்கித் தண்ணீரை உள்ளே விடும். "மோட்டார்தான் இருக்கே" என்று துடுப்பைக் கரையில் விட்டுவரும் பழக்கம் இருக்கும் இடத்தில் இதைப் பேசுவது வீண்.

வெள்ளம் புகுந்த தெருவில் மோட்டார் படகு ஓட்டுவது தனிக் கலை. சென்னையில் 2015-லும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் மீனவர்கள் ஃபைபர் படகுகளோடு தெருவுக்குள் வந்து மக்களைக் காப்பாற்றினார்கள். தெருவில் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. காம்பவுண்டுச் சுவர், நின்றுபோன கார், அறுந்த ஒயர். குறுகலான இடத்தில் மோட்டாரைத் தூக்கிவிட்டுக் கோலூன்றிப் போவதுதான் பாதுகாப்பு. அந்த மின்கம்பத்தில் கரன்ட் நிறுத்தப்பட்டதா என்று கேட்காமல் உள்ளே போகக்கூடாது.

சட்டம் என்ன சொல்லுதுங்க?

1917-ம் ஆண்டின் பழைய உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தை மாற்றி, 2021-ல் நாடாளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. 2022-ல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்வழிகளில் ஓடும் இயந்திரப் படகு ஆய்வு செய்யப்பட வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும், ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும், காப்பீடும் வேண்டும். கடல் மீன்பிடிப் படகுகளுக்குத் தமிழ்நாட்டில் 1983-ம் ஆண்டின் தனிச்சட்டம் இருக்கிறது.

ஏட்டில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. கரையில் அப்படியில்லை. ஆறும் அணையும் நீர்வளத்துறையிடம். அணை மீன்கள் மீன்வளத்துறையிடம். கோவை வாலாங்குளம், ஊட்டி, ஏற்காடு போன்ற படகு இல்லங்கள் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்திடம். ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடக்கும் படகுத்துறைக்கு உள்ளாட்சி அமைப்பு. வெள்ளம் வந்தால் வருவாய்த்துறை. ஒவ்வொரு துறையும் தண்ணீரைப் பார்க்கிறது, ஆட்களைப் பார்க்கிறது. பின்பலகையைத் தட்டிப் பார்ப்பதும், சிவப்புக் கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதும் யாருடைய வேலை என்பது மட்டும் எந்தப் படகுத்துறைப் பலகையிலும் எழுதியிருப்பதில்லை. ஜாக்கெட் இருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். மோட்டாரைச் சோதிக்கப் படகுக்குள் இறங்க வேண்டும்.

ஏறும் பயணிக்குப் பெரிய தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. படகின் பக்கத்தில் பதிவெண்ணும் ஆள் கணக்கும் எழுதியிருக்கிறதா, துடுப்பும் நங்கூரமும் கண்ணில் படுகிறதா, ஓட்டுபவர் கயிற்றை மாட்டியிருக்கிறாரா என்று நின்று பார்க்க ஒரு நிமிடம் போதும். "கயிறு மாட்டலைங்களா அண்ணா?" என்று கேட்டால் எந்தப் படகோட்டியும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

உபரி நீர் திறந்து படகு நிற்கும் நாட்களில் மோட்டாருக்கும் வேலை இருக்கிறது. கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, நல்ல தண்ணீர் விட்டு உள்ளே கழுவி, கார்புரேட்டரில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டு, நிமிர்த்தி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். கியர் ஆயிலை இறக்கிப் பார்க்க வேண்டும். அது பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். மதகு மூடி, ஓட்டம் குறைந்து, படகு மறுபடி தண்ணீரில் இறங்கும் முதல் நாள் பழைய பெட்ரோலை ஊற்றாமல், ஆள் ஏற்றாமல், கட்டிப்போட்டு ஒரு முறை, காலியாக ஒரு முறை என்று அக்கரைக்குப் போய் வந்துவிட்டுத்தான் பயணிகளை ஏற்ற வேண்டும்.